கிராம்பு கொடுக்காதவள்

எனக்கு மாதவிலக்கு நின்றுபோன சேதி எனக்கு உறைப்பதற்கு முன்பே எங்கள் தெருவுக்கு உறைத்துவிட்டது. கடலூர் பழைய பட்டணத்தில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் எங்கள் தெரு. வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். மாதத்தில் மூன்று நாள் ஒருத்தி கொல்லைப்புற அறையில் தட்டும் செம்புமாகத் தனியே உட்காருவது எல்லோருக்கும் தெரியும். உட்காராமல் போனாலும் தெரியும். நான் நாலைந்து மாதமாக அந்த அறைப் பக்கம் போகவில்லை. அந்தச் சித்திரையில் மாங்காய் வந்து இறங்கியதும் மேலண்டை வீட்டுக்காரி ஒரு கூடை மாங்காயும் காலி ஜாடியுமாக எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"இனிமே எங்க வூட்டு ஜாடிக்கும் நீங்கதான் அண்ணி கை வைக்கணும்" என்றாள்.

எங்கள் தெருவில் அது வழக்கம். தீட்டு உள்ளவள் தொட்டால் ஊறுகாய் பூசணம் பிடிக்கும் என்பார்கள். தீட்டு இன்று இல்லாவிட்டாலும் நாளை வரக்கூடியவளின் கையும் அரைகுறைச் சுத்தம்தான். அடியோடு நின்றுபோனவள் கைதான் முழுச் சுத்தம். அவள் உப்பு அள்ளிப் போட்டு, அவளே கிளறி, ஜாடி வாயில் துணியால் வேடு கட்டி, வெயிலில் வைத்த நாளெல்லாம் அவளே சாற்றை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, போதும் என்று சொல்லவேண்டும். அதுவரை அந்த வேலையைப் பார்த்துவந்த அம்மாள் மகனோடு நெய்வேலிக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு என்னை ஏற்றினார்கள். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அறுபதுகளின் தொடக்கம்.

பொய் சொல்வானேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. பதின்மூன்று வயதிலிருந்து மாதாமாதம் என்னை ஒதுக்கி உட்காரவைத்த அதே தெரு இப்போது ஜாடியும் கையுமாக என் வாசலில் நின்றது. புதுப் புடவை கட்டிக்கொண்டு மாங்காய் நறுக்க உட்கார்ந்தேன். வீடு வீடாக ஜாடி வந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒவ்வொன்றாக நக்கிப் பார்ப்பேன். நாக்கு மரத்துப்போகும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பேன். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும். நாளெல்லாம் உட்கார்ந்ததால் வீங்குகிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன்.

வீக்கத்தோடு நிற்கவில்லை. திடீரென்று கழுத்திலிருந்து தலை வரை அடுப்பருகே நிற்பதுபோல் காந்தும். ஜாக்கெட் நனைந்து ஒட்டும். அடுத்த நிமிஷம் குளிரும். பிடரியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி ஒரு வலி. கிணற்றில் இரண்டு வாளி இறைத்தால் மூச்சு முட்டியது. மார்பு படபடவென்று அடித்துக்கொள்ளும்போது எனக்கு என் அக்கா நினைவுதான் வரும். வந்ததும் படபடப்பு இன்னும் ஜாஸ்தியாகும்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முந்தைய வருஷம்தான் செத்துப்போனாள். அன்று காலையிலிருந்து தாடை வலிக்கிறது என்றாளாம். சொத்தைப் பல் என்று மாமியார் ஒரு கிராம்பை நசுக்கி வைத்திருக்கிறாள். பிறகு முதுகு வலி, குமட்டல், கொட்டுகிற வியர்வை. வாயு என்று இஞ்சிச் சாறு கொடுத்திருக்கிறார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டாள். நான் போனபோது அவள் வாயில் கிராம்பு வாசனை இருந்தது. எழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "வாயு நெஞ்ச அடைச்சிடுச்சு."

அதே வருஷம் அவர்கள் சந்தில் ஒரு ஆண் இதே மாதிரி போனார். அவருக்கு மட்டும் மாரடைப்பு என்றார்கள். எங்கள் பக்கத்தில் வியாதிக்குக்கூட ஆம்பளை பொம்பளை உண்டு. அவர்களுக்கு வந்தால் மாரடைப்பு. எங்களுக்கு வந்தால் வாயு.

என் படபடப்பைப் பார்த்து என் வீட்டுக்காரர் என்னை டவுனில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சாது மனிதர் அவர். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறுவதைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டு இங்கிலீஷில் பேசினார். கையில் பட்டையோடு நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். என் ரத்தம், என் கை, சேதி மட்டும் அவருக்கு.

"என்ன சொன்னாரு?" என்று குதிரைவண்டியில் கேட்டேன்.

"ரத்தக் கொதிப்பாம். நின்னுபோற வயசுல பொம்பளைங்களுக்கு எல்லாம் இப்படித்தான் படபடன்னு இருக்குமாம். நீ கோவத்த கொறச்சிக்கணும்னாரு."

"எனக்குக் கோவமே இப்பத்தான் வருது" என்றேன்.

கொதிப்பு என்ற சொல்லே ஒரு சூழ்ச்சி என்று எனக்குத் தோன்றியது. ஏதோ நான் சிடுசிடுத்ததால் ரத்தம் பொங்கிவிட்டது போலவும், நான் வாயை மூடிக்கொண்டால் அது அடங்கிவிடும் போலவும். என் அக்கா யாரிடமும் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. அவளுக்கு எது கொதித்தது?

அடுத்த தடவை போனபோது டாக்டர் ஒரு புது மாத்திரை கொடுத்தார். மதராஸிலிருந்து புதிதாக வந்திருக்கிறதாம். கூடவே பளபளவென்று ஒரு காகிதம். அதில் ஒரு வெள்ளைக்காரி பல் தெரியச் சிரித்துக்கொண்டு பந்து விளையாடினாள். நின்றுபோன சுரப்பை இது திருப்பிக் கொடுக்கும், இளமை திரும்பும், படபடப்பு போய்விடும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விடவேண்டும். காந்தல் நிஜமாகவே அடங்கியது. இரவில் தூங்கினேன். ஆனால் பிடரி வலி போகவில்லை, கூடியது. கால் வீக்கம் முழங்கால் வரை ஏறியது.

ஆனி மாதம், அந்த வருஷத்துக் கடைசி மாங்காய். முற்றத்தில் தெருவின் ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. மேலண்டை வீட்டு ஜாடியில் முழங்கை வரை கையை விட்டுக் கிளறிக்கொண்டிருக்கிறேன். அடிவயிற்றில் பழகின ஒரு இழுப்பு. எழுந்துபோய்ப் பார்த்தால் தீட்டு. மாத்திரையை விட்டிருந்த வாரம் அது. இப்படி ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னார்களோ என்னவோ, அவரும் சொல்லவில்லை.

முற்றத்தில் பாதி கிளறிய ஜாடிகள். வாசலில் பெண்களின் பேச்சுச் சத்தம். சொன்னால் அத்தனையும் குப்பைக்குப் போகும், நான் கொல்லை அறைக்குப் போகவேண்டும். துணி மாற்றிக்கொண்டேன், கையைக் கழுவினேன், திரும்பி வந்து உட்கார்ந்து மிச்ச ஜாடிகளையும் நானே கிளறி, உப்புப் பார்த்து, வேடு கட்டினேன். அன்றைக்கு ராத்திரியும் நன்றாகவே தூங்கினேன்.

ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்கிறார்கள். அக்கா போன வழியில் நானும் போய்க்கொண்டிருக்கிறேனா என்று ஒருவர் எனக்கு நேராகச் சொல்லவேண்டும். பின்தெருவில் ஒரு முஸ்லிம் சிநேகிதி இருந்தாள். என்னைவிட மூத்தவள், நான் லாத்தா என்று கூப்பிடுவேன். அவள் பிறந்த ஊர் பரங்கிப்பேட்டை. புருஷன் கப்பலேறிப் பிழைக்கப் போன சபுராளி, மலாயாவில் கடை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கள்ல நின்னுபோச்சுன்னா ஜாடியெல்லாம் வராதும்மா. தொழுகைக்கு விடுப்பு இல்ல, அவ்ளோதான்" என்று சிரித்தாள். "சிதம்பரத்துல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. நெஞ்சைப் படம் எழுதுற மெஷின் வெச்சிருக்காங்க. எங்க அம்மாவ அவுங்ககிட்டதான் காட்டுறோம். நான் நாளைக்கு ஊருக்குப் போறேன், கூட வா."

"நானும் வரேன், ஞாயித்துக்கெழம போலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க வந்தா அவுங்களும் உங்ககிட்டதான் சொல்லுவாங்க. நான் தனியா போறேன்."

காலைப் பாசஞ்சரில் கிளம்பினோம். லாத்தா வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு பரங்கிப்பேட்டையில் இறங்கினாள். அதற்கு அப்புறம் கிள்ளை, பிறகு சிதம்பரம். நான் தனியாக ரயிலில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. பயமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது கூட இருக்கும். நரைத்த கொண்டை, வெள்ளைப் புடவை. இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். படுக்கவைத்துப் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். பிறகு கை கால்களில் தகடு கட்டி, மார்பில் ரப்பர் கிண்ணத்தை ஒட்டி, நீளமாக ஒரு காகிதத்தை ஓடவிட்டார். அந்தக் காகிதத்தை என் மடியில் விரித்துவைத்து என்னிடமே பேசினார்.

"பிரஷர் ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்மா. இன்னிக்கு நேத்து வந்ததில்ல. ஜாஸ்தி பாரம் இழுத்து இழுத்து இதயத்தோட சதை தடிச்சிருக்கு. ஆனா இன்னும் தாங்குது. இப்ப வந்ததால பொழச்சீங்க."

"ஏன் டாக்டர் இந்த வயசுல வருது? நான் கோவக்காரி, அதனாலயா?"

"யார் சொன்னது? சினைப்பைல ஒரு சுரப்பு இருக்கு. அது ரத்தத்துல ஓடுற வரைக்கும் பொம்பளைக்கு ரத்தக் குழாயெல்லாம் நெகிழ்வா இருக்கு. நின்னுபோனா குழாய் மெல்ல இறுகும், உடம்பு உப்பைப் பிடிச்சு வெச்சிக்கும், பிரஷர் ஏறும். இத்தன வருஷம் ஆம்பளைக்குப் பின்னாடி வந்துகிட்டிருந்த வியாதி அப்ப நம்மளயும் எட்டிப் பிடிச்சிடும். வயசுன்னு சொல்லி அனுப்புறாங்க பாருங்க, அந்த வயசுலதான் ஒழுங்காப் பாக்கணும்."

நடுவில் தீட்டு வந்ததைச் சொல்லி, பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் காட்டினேன். "இது அந்தச் சுரப்பைத்தான் திருப்பிக் குடுக்குதாம்."

"குடுக்குது. காந்தல் அடங்கும். ஆனா மாத்திரையா குடுத்தா இதயத்தையும் காப்பாத்துமான்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பேசுறவங்கள நான் நம்புறதில்ல. உங்க உடம்புல இது தண்ணியச் சேக்குது, பிரஷரையும் ஏத்துதுன்னு நெனைக்கிறேன். நிறுத்திடுங்க. நிறுத்தினா அந்தத் தீட்டும் நின்னுடும். நிக்கலன்னா உடனே வரணும்." பிறகு கேட்டார்: "ஊறுகாய் நெறய சாப்பிடுவீங்களா?"

"சாப்பிட மாட்டேன். ருசி பாப்பேன்."

"எவ்வளவு?"

"தெருவுக்கே பாப்பேன்."

ஜாடி வழக்கத்தைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "எந்த வயசுல உப்பு ஆகாதோ அந்த வயசுல பாத்து பட்டம் கட்டி உப்பை ஊட்டுறாங்களே!" என்றார்.

கடைசியாக அக்காவைப் பற்றிக் கேட்டேன். தாடை வலி, முதுகு வலி, குமட்டல், வியர்வை எல்லாவற்றையும் சொன்னேன். வாயுவால் ஒருத்தி சாவாளா என்று கேட்டேன். டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் பாக்காம அடிச்சுச் சொல்லக் கூடாது. ஆனா நீங்க சொல்றது வாயு இல்லம்மா, மாரடைப்புதான். பல பொம்பளைங்களுக்கு மார் வலிக்காது. தாடையிலயும் முதுகுலயும்தான் வலிக்கும். அதனாலதான் யாரும் கண்டுக்கிறதில்ல. எங்க இருந்தாங்க?"

சந்தின் பெயரைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து இரண்டு தெரு. அந்த மெஷின் அக்கா சாவதற்கு முன்பே அந்த மேஜைமேல் இருந்திருக்கிறது. நான் அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதில் கூட. பிரஷருக்கு ஒரு மாத்திரை, நீர் இறங்க ஒரு மாத்திரை, உப்பு அறவே கூடாது, ஆயுசுக்கும் இப்படித்தான் என்று எழுதிக் கொடுத்தார். கோபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

அடுத்த சித்திரை பிறந்தது. மறுபடி ஜாடிகள் வந்தன. முன்னால் மேலண்டை வீட்டுக்காரி.

"நறுக்கித் தரேன், கெளறித் தரேன். நக்கிப் பாக்க மாட்டேன். எனக்கு உப்பு ஆகாது. உங்களுக்கும் அந்த வயசு வந்தா ஆகாது" என்றேன்.

"நீங்க ருசி பாக்காம எப்படி அண்ணி? சுத்தப்பட்டவ நாக்குல பட்டாத்தான் ஊறுகா நிக்கும். கெட்டுப்போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். "போன ஆனியில கடைசியா போட்ட ஜாடி கெட்டுச்சா?"

"இல்லையே. நேத்து வரைக்கும் அதத்தான் சாப்பிட்டோம். உங்க கையாச்சே!"

"அந்த ஜாடியக் கெளறும்போது எனக்குத் தீட்டு. நடுவுல வந்துச்சு. கழுவிட்டு வந்து மிச்சத்தையும் நான்தான் போட்டேன். உங்க எல்லார் வூட்டு ஜாடியும் அதுதான். ஒரு வூட்டுலயாவது பூசணம் பூத்துதா, சொல்லுங்க!"

வாசலில் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். மேலண்டை வீட்டுக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். போனவள் மிச்ச ஊறுகாயை உப்பனாற்றில் கொட்டி, ஜாடியைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, தெரு பார்க்கும்படி வாசலில் கவிழ்த்துவைத்தாள். என்னோடு பேச்சையும் நிறுத்தினாள். "எதுக்குச் சொன்ன? சொல்லாமலே இருந்திருக்கலாமே?" என்று என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். யாரும் யாருக்கும் சொல்லாமல் இருந்துதான் என் அக்கா போனாள் என்றேன்.

தெரு என்னை வாசல் வழியாக ஒதுக்கியது. ஆனால் கொல்லை வழியாக வந்தது. சாயங்காலத்தில் ஒருத்தி வந்து வேலியோரம் நிற்பாள். "எனக்கும் பிடரி வலிக்குது அக்கா. வூட்டுல சொல்லாதீங்க" என்பாள். நான் அவளைக் காலைப் பாசஞ்சரில் சிதம்பரத்துக்கு அழைத்துப்போவேன். கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள். நடராஜர் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நாங்கள் பிரஷர் பார்த்துக்கொண்டு திரும்புவோம்.

அதற்குள் மேலண்டை வீட்டுக்காரிக்கும் நின்றுவிட்டது. ஜாடிகள் அவள் வாசலுக்குப் போயின. காலையில் அவள் வெறும் வயிற்றில் நக்கிப் பார்க்கும் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். சுவரைத் தட்டி, வேண்டாம் என்று கத்தியிருக்கிறேன். "பொறாமை" என்று பதில் வரும். இப்படியே சில வருஷம் ஓடியது.

ஒரு மார்கழிக் காலையில் அவள் கொல்லை வழியாக என் சமையலறைக்குள் வந்து நின்றாள். ஒரு கை தாடையில் இருந்தது.

"அண்ணி, ஒரு கிராம்பு இருந்தா குடுங்க. பல்லுவலில உசுரு போவுது."

அத்தனை வருஷம் கழித்து அவள் என் முகம் பார்த்துப் பேசிய முதல் பேச்சு. அவள் மேலுதட்டைப் பார்த்தேன். அந்தக் குளிரில் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"எந்தப் பல்லு? காட்டு."

அவளால் காட்ட முடியவில்லை. தாடையிலிருந்து தோள் வரை கையை இழுத்தாள்.

"முதுகு வலிக்குதா?"

"காலையிலேருந்து. கொமட்டுது வேற."

அஞ்சறைப்பெட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதில் கிராம்பும் இருந்தது. "கிராம்பு இல்ல" என்றேன். அவளை அங்கேயே தரையில் உட்காரவைத்து, என் வீட்டுக்காரரை ஆபீஸ் வேனைக் கொண்டுவர விரட்டினேன். அவள் புருஷன் ஓடிவந்து, "வாயுதான், இஞ்சி குடுத்தா செரியாயிடும், எதுக்கு இந்தக் கலாட்டா?" என்றான்.

"இஞ்சி குடுத்து ஒருத்திய அனுப்பியாச்சு, போதும். வழிய வுடு!" என்று நான் போட்ட சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அதற்குள் அந்த மெஷின் வந்திருந்தது. அங்கிருந்த இளவயது டாக்டரிடமும் அவள் புருஷன் வாயு என்றான். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"நெஞ்சுல மெஷின வெச்சுப் பாருங்க. பாத்துட்டு வாயுன்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் இங்கேருந்து நவுர மாட்டேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். காகிதம் ஓடத் தொடங்கியதும் குனிந்தவர் நிமிரவேயில்லை. பிறகு நர்ஸைக் கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது. ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள், வாரக்கணக்கில் அவளைப் படுக்கையை விட்டு எழ விடவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள்.

இப்போது எனக்கு எண்பத்தைந்து. அந்தச் சுரப்பு மாத்திரையைக் கொடுக்கலாமா கூடாதா என்று டாக்டர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகப் பேத்தி சொல்கிறாள். போடட்டும். என் சோற்றில் உப்பு இல்லை, பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை, கோபத்தையும் விட்டதில்லை.

மேலண்டை வீட்டுக்காரி ஜாடிகளை மூட்டைகட்டிப் பரணில் போட்டாள். ஆனால் என்னைப் பற்றி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் குறை சொல்வதை மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை. அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். சாயங்காலமானால் சுவர் வழியாக அவள் குரல் கேட்கும்: "பல்லுவலின்னு ஒரு கிராம்பு கேட்டேன். பொட்டியில வெச்சிக்கிட்டே இல்லன்னுட்டா மகராசி!" நான் என் வேலையை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து, அதை முழுக்கக் கேட்பேன். என் அக்காவுக்குக் கேட்காமலே கிராம்பு கொடுத்தார்கள். அவள் யாரைப் பற்றியும் ஒரு குறையும் சொல்லவில்லை.